விலாசமுள்ள விளம்பரம்

‘உயர்ந்த தரம், குறைந்த விலை, நாணயமான வியாபாரம். வாடிக்கையாளரே எங்கள் தெய்வம். ஒரு முறை விஜயம் செய்யுங்கள்.’

காரைக்குடிக் கடைவீதியில் ஒரு நாள் மாலை உலாவி வருகிறவருடைய கையில் நாலைந்து துண்டுப் பிரசுரங்களாவது சேர்ந்துவிடும். எதைப் பிரித்துப் பார்த்தாலும் ஏறக்குறைய இந்த வாசகந்தான் காணப்படும். தரைக்கல் வியாபாரியும் இதையே சொல்லுகிறார். புடவைக் கடைக்காரரும் இதையே சொல்லுகிறார். பல் வைத்தியருங்கூட இதையே சொல்லுகிறார். ‘ஒரு முறை’ என்ற இடத்தில் மட்டும் அவர் ‘ஆறு மாதத்துக்கு ஒரு முறை’ என்று திருத்திக்கொள்கிறார்.

இத்தகைய பிரசுரங்களைச் சோதிப்பதற்கு நாம் ஒரு சுலபமான முறையைக் கையாண்டு வருகிறோம். கடையின் பெயரைப் பேனாவினால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் எதிர்க் கடையின் பெயரை எழுதிப் படித்துப் பார்க்க வேண்டியது. வாசகம் முன்போலவே பொருத்தமாயிருந்தால், அச்சுக் கூலியில் பாதியை எதிர்க் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் நியாயம். அவருக்கும் அது விளம்பரமாகிவிட்டதல்லவா?

பெரிய கம்பெனிக்காரர்கள் அர்த்தமில்லாத ஒரு வாக்கியத்தை டெலிவிஷனில் நாளைக்கு நாற்பது தடவை ஒலிபரப்பி, ஜனங்களின் மனத்தில் ஆணி அறைந்தாற்போல் அறைந்துவிட முடியும். அதற்கு வேண்டிய பணம் அவர்களிடம் இருக்கிறது. நாலு தறி வைத்திருக்கும் நெசவாளரும், ஆறு பேரை வைத்துக் கல் ஊற்றும் சிறு முதலாளியும், வீட்டுக் கூடத்தில் தேன்குழல் பிழியும் அம்மாளும் அவ்விதம் செய்ய முடியுமா? அவர்களுடைய காகிதத்தை ஒருவர் ஒரு தடவைதான் பார்ப்பார். அந்த ஒரு தடவையில் ஏதேனும் ஒரு செய்தி அவருக்குக் கிடைக்க வேண்டும். ‘உயர்ந்த தரம்’ என்பது செய்தியாகாது. மட்டமான தரம் என்று எவரும் அச்சடிப்பதில்லை.

செட்டிநாட்டுக்கு இந்த விஷயம் மற்றப் பிரதேசங்களைக் காட்டிலும் முக்கியமானது. ஏனெனில் அந்நாட்டின் பெயரே இப்போது ஊர்ப் பொதுச் சொத்தாகிவிட்டது. சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் ‘செட்டிநாடு’ என்று பலகை மாட்டிய சாப்பாட்டுக் கடைகளுக்குக் கணக்கில்லை. அவற்றின் அடுக்களையில் நிற்பவர்களில் எத்தனை பேர் காரைக்குடியைக் கண்ணால் பார்த்தவர்கள் என்று விசாரிப்பது நாகரிகமாகாது. குழம்பு நன்றாயிருந்தால் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம். ஆனால் ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலையை இயந்திரத்தில் அச்சிட்ட பீங்கான் கற்கள் ‘ஆத்தங்குடி மாதிரி’ என்று கடைக்கு வருகின்றன. கொஞ்ச நாளில் ‘மாதிரி’ என்ற சொல் உதிர்ந்துவிடுகிறது. விசைத்தறியில் நெய்த கட்டம்போட்ட புடவை ‘கண்டாங்கி’ என்று விலையாகிறது. பெயரை அயலார் எடுத்துக்கொண்டு போனபின் உடைமைக்காரரிடம் மிஞ்சுவது என்ன? தொழிலின் விவரம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. போலி செய்கிறவன் பெயரைத் திருடலாம், படத்தைத் திருடலாம். விவரத்தைத் திருடி எழுதினானேயானால், வாங்குகிறவர் கேட்கும் முதற் கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வான். ஆகையால், போலிக்காரன் எழுதத் துணியாத வாக்கியங்களாகப் பார்த்து எழுத வேண்டும் என்பதே சிறு வியாபாரிகளுக்கு நாம் கூறும் யோசனை.

நகரத்தார் சமூகத்துக்கு இது புதிய பாடமல்ல. அவர்கள் பேச்சில் ‘விலாசம்’ என்றால் கதவிலக்கமும் தெருப் பெயரும் மட்டுமல்ல. பாட்டனார், தகப்பனார் முதலியோரின் பெயர்களிலிருந்து முதலெழுத்துக்களை எடுத்துக் கோத்து அமைத்த கடைப் பெயருக்கே விலாசம் என்று பெயர். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் அந்த இரண்டு மூன்று எழுத்துக்களை நம்பிப் பணம் கை மாறிற்று. உண்டியல்கள் கடல் தாண்டின. அவ்வெழுத்துக்களில் அலங்காரம் ஒன்றும் கிடையாது. இன்ன ஊர், ஒன்பது நகரக் கோயில்களில் இன்ன கோயில், இன்ன வீடு என்று கேட்டவுடனே சொல்லக்கூடிய விவரம் அவற்றுக்குப் பின்னால் நின்றது. அவ்வளவுதான்.

விளம்பரம் என்றாலே பொய் என்று கருதும் நேயர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கட்சிக்கு மகாத்மா காந்தியே சாட்சி. 1903-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையில் முதலில் விளம்பரங்கள் வெளிவந்தன. பிற்பாடு அவற்றை அவர் நிறுத்திவிட்டார். ‘யங் இந்தியா’வும் ‘நவஜீவ’னும் விளம்பரமில்லாமலே நடந்தன. பத்திரிகையின் சுதந்திரத்துக்கு அதுவே உகந்தது என்பது அவருடைய தீர்மானம். ஆயினும் கதர் விற்பனைக்காக அந்த மகான் செய்த பிரசாரத்தைச் சற்றுக் கவனியுங்கள். கதர் முரடு என்பதை அவர் மறைக்கவில்லை. மில் துணியைவிட விலை அதிகம் என்பதையும் மறைக்கவில்லை. அந்த அதிக விலை எந்தக் குடிசைக்குப் போய்ச் சேருகிறதென்பதை மட்டும் ஊர் ஊராகச் சொன்னார். மில்லில் நெய்த முரட்டுத் துணியில் ‘கதர்’ என்று முத்திரை குத்தி விற்க ஆரம்பித்தபோது அதை வெளிப்படையாகக் கண்டித்தார். 1925-இல் ஏற்பட்ட அகில பாரத சர்க்கா சங்கம், எந்தக் கடையில் விற்பது அசல் கதர் என்பதற்கு அத்தாட்சிப் பத்திரம் வழங்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. இன்று கண்டாங்கிக்கு வந்திருக்கும் கஷ்டம் அன்று கதருக்கு வந்த அதே கஷ்டந்தான்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஸ்ரீ எஸ். எஸ். வாசன் விளம்பர ஏஜெண்டாகவும் தபால்வழி வியாபாரியாகவும் வாழ்க்கையைத் தொடங்கியவர். பிறகுதான் 1928-இல் ‘ஆனந்த விகட’னை விலைக்கு வாங்கினார். தபால்வழி வியாபாரம் விளம்பரம் எழுதக் கற்றுக்கொடுப்பதுபோல் வேறெதுவும் கற்றுக்கொடுக்காது. சரக்கை வாங்குகிறவர் தொட்டுப் பார்க்க முடியாது. முகர்ந்து பார்க்க முடியாது. கடைக்காரருடைய முகத்தைப் பார்த்து மெய்யா பொய்யா என்று ஊகிக்கவும் முடியாது. அவருடைய விரல்களும் மூக்கும் கண்களும் செய்யவேண்டிய வேலை முழுவதையும் நாம் எழுதும் பத்து வரிகளே செய்தாக வேண்டும். இப்போது கைப்பேசியில் படத்தைப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்புகிறவர்களும் அதே நிலையில்தான் இருக்கிறார்கள். படம் ஒன்று கூடியிருக்கிறது; ஆனால் படமும் இரவல் வாங்கக்கூடிய பொருளாகிவிட்டது.

இனி ஆத்தங்குடிக்குப் போவோம். காரைக்குடிக்கு அருகிலுள்ள அந்தக் கிராமத்தில் கல் ஊற்றும் கொட்டகைக்குள் நுழைந்து அரை மணி நேரம் நின்று பார்த்தவர்கள், பிறகு தங்கள் வீட்டுத் தரையை ஒரு விதமான மரியாதையுடன் மிதிப்பார்கள். முதலில் ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்து வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தைப் பொருத்துகிறார்கள். சட்டத்துக்குள் பூ வடிவமாக வளைத்த உலோகத் தகட்டு அச்சு உட்காருகிறது. அச்சின் அறைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வர்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைச் சிறிய கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மெல்லத் தூக்கினால், வர்ணங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒன்றோடொன்று கலந்துவிடாமல் நிற்கின்றன. கை தேர்ந்தவர்கள் அச்சே இல்லாமல், கோலம் இழுப்பதுபோல் கரண்டியாலேயே சுழித்துவிடுவதும் உண்டு. அதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்த உலர்ந்த பொடியைத் தூவி, பிறகு ஈரக் கலவையை வைத்துக் கரணையால் சமப்படுத்துகிறார்கள். அந்த மணல் அந்தச் சுற்றுப்புறத்து மணல். உலர்ந்த கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப்போட்டு, மறுபடியும் வெயிலில் உலர்த்துகிறார்கள். கண்ணாடியை எடுத்துவிட்டால் அதன் வழவழப்பைக் கல் வாங்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். சூளை கிடையாது, மெருகேற்றும் இயந்திரம் கிடையாது.

இவ்வளவு ரஸமான கதை கையில் இருக்கும்போது, ‘பாரம்பரியமிக்க, கலைநயமிக்க, கண்கவரும் தரைக்கற்கள்’ என்று எழுதுவது என்ன பரிதாபம்! ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. தினம் செய்கிற வேலை செய்கிறவருக்கு அதிசயமாகத் தோன்றுவதில்லை. ‘இதில் என்ன இருக்கிறது? எல்லாக் கொட்டகையிலும் இப்படித்தானே செய்கிறார்கள்?’ என்பார்.

சரியாக இதே பதிலை அமெரிக்காவில் ஒரு முதலாளி சொன்னார். க்ளாட் ஹாப்கின்ஸ் என்ற புகழ்பெற்ற விளம்பர ஆசிரியரை ஷ்லிட்ஸ் என்னும் பீர் கம்பெனியார் அமர்த்தியிருந்தார்கள். (மதுவிலக்கில் நம்பிக்கையுள்ள நேயர்கள் மன்னிக்க வேண்டும், பானத்தை விட்டுவிட்டுப் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.) அக்காலத்தில் பீர் விற்ற கம்பெனிகள் அனைத்தும் ‘சுத்தமானது, சுத்தமானது’ என்று கூவிக்கொண்டிருந்தன, ஒருவர் காதிலும் ஏறவில்லை. ஹாப்கின்ஸ் ஆலையைச் சுற்றிப் பார்த்தார். வடிகட்டிய காற்று மட்டும் புகும் கண்ணாடி அறைகளையும், வெகு ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்கும் கிணறுகளையும், புட்டிகளை நாலு தடவை கழுவும் இயந்திரத்தையும் கண்டு பிரமித்துப்போனார். ‘இதையெல்லாம் ஏன் ஜனங்களுக்குச் சொல்லவில்லை?’ என்று கேட்டார். ‘எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்’ என்று பதில் வந்தது. ‘ஆனால் ஒருவரும் சொல்லவில்லையே!’ என்றார் ஹாப்கின்ஸ். அதையே எழுதினார். விற்பனையில் ஐந்தாம் இடத்திலிருந்த கம்பெனி சில மாதங்களில் முதலாவதற்குச் சரிசமமாக வந்துவிட்டதென்று தம் சுயசரிதையில் அவர் பெருமையுடன் குறித்திருக்கிறார். தம்மைப் பற்றித் தாமே எழுதிய கணக்கு என்பதை நினைவில் வைத்துச் சற்றுக் குறைத்துக்கொண்டாலும், விஷயம் விஷயந்தான்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு நாம் எழுதுவதாயிருந்தால் இப்படி எழுதுவோம்:

‘இந்தக் கல் சூளையில் வெந்ததல்ல. கண்ணாடியின்மேல் வர்ணச் சிமெண்டை ஊற்றி ஒவ்வொரு கல்லையும் கையால் செய்கிறோம். ஆகையால் ஒரு கல்லைப்போல் மறு கல் இம்மியும் பிசகாமல் இராது. நாள்தோறும் ஈரத்துணியால் துடைத்துவந்தால் வருஷத்துக்கு வருஷம் பளபளப்பு ஏறும். ஆசிட் விட்டுக் கழுவலாகாது. எலுமிச்சம்பழச் சாறு, புளிக்கரைசல் சிந்தினால் உடனே துடைத்துவிட வேண்டும். எல்லாக் கல்லும் அச்சடித்தாற்போல் ஒன்றாயிருக்க வேண்டுமென்று விரும்புகிறவர்கள் இயந்திரக் கல் வாங்குவதே நலம். உங்கள் அறையின் நீள அகலத்தை எழுதி அனுப்பினால், எத்தனை கல், என்ன விலை, எப்போது தயாராகும் என்று இரண்டு நாளில் பதில் எழுதுவோம். இந்தக் கல் பதிக்கப் பழகிய கொத்தனாரையும் நாங்களே சொல்லி அனுப்புவோம்.’

இந்தப் பிரசுரத்தில் பீங்கான் கல் வியாபாரியின் பெயரை எழுதிப் பாருங்கள்; முதல் வாக்கியத்திலேயே அவர் விழித்துக்கொண்டு நிற்பார். பதிலுக்கு நாள் குறிப்பிட்டதையும் கவனிக்க வேண்டும். ‘உடனே தொடர்பு கொள்ளுங்கள்’ என்று மற்றவர்களுக்குக் கட்டளை இடுவதைவிட, நாம் எப்போது என்ன செய்வோம் என்று வாக்குக் கொடுப்பது மேல்.

சொந்தச் சரக்கின் குறையைத் தாமே அச்சிடுவதா என்று வியாபாரிகள் திடுக்கிடுவார்கள். இதற்கும் ஒரு பழங்கதை உண்டு. 1880-களில் பிலடெல்பியா நகரத்தில் வானமேக்கர் என்பவரின் பெரிய கடைக்கு ஜான் பவர்ஸ் என்ற ஒருவர் விளம்பரம் எழுதிவந்தார். ஒரு பகுதியில் மழைச்சட்டைகள் விலை போகாமல் தேங்கிக் கிடந்தன. அப்பகுதியின் மேலாளர் இவரிடம் இரகசியமாக, ‘நமக்குள் இருக்கட்டும், சட்டைகள் மட்கிப்போய்விட்டன, எப்படியாவது தள்ளிவிட வேண்டும்’ என்றாராம். மறுநாள் பத்திரிகையில், மட்கிப்போன மழைச்சட்டைகள் சில இருக்கின்றன, அவற்றைத் தள்ளிவிட விரும்புகிறோம் என்றே விளம்பரம் வந்தது. மேலாளர் சீறிக்கொண்டு வருவதற்குள் சட்டைகள் தீர்ந்துபோயிருந்தன என்று சொல்லுவார்கள். மட்கின சரக்கை விற்கும்படி நாம் யாருக்கும் யோசனை கூறவில்லை. குறையை மறைக்காமல் சொல்லுகிறவன் நிறையைச் சொல்லும்போதும் ஜனங்கள் நம்புகிறார்கள் என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டோம். ஆத்தங்குடிக் கல் விஷயத்தில் வேறொரு லாபமும் உண்டு. ஆசிட் விட்டுக் கழுவித் தரையைக் கெடுத்துக்கொண்டவர் தம் கையை நொந்துகொள்வதில்லை. கல் செய்தவரைத்தான் நாலு பேரிடம் தூற்றுவார். முன்கூட்டியே எழுதிய ஒரு வரி அந்த நாலு பேரையும் காப்பாற்றுகிறது.

கண்டாங்கியின் நிலைமை இன்னும் சிக்கலானது. கல்லுக்காவது ஊர்ப் பெயர் துணை நிற்கிறது. புடவையின் பெயரோ சினிமாவரைக்கும் போய்விட்டது. 2014-இல் வெளியான ‘ஜில்லா’ படத்தில் ஒரு காதற்பாட்டே அந்தப் பெயரில் தொடங்குகிறது. பாட்டைக் கேட்டவர்கள் அனைவரும் புடவையைக் கண்டவர்கள் என்று சொல்ல முடியாது. 2019-இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1999-ஆம் வருஷத்துச் சட்டப்படி, அக்குறியீட்டைப் பொய்யாக உபயோகிப்பவருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரையில் சிறைத் தண்டனையும், 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 2 லட்சம் வரையில் அபராதமும் விதிக்கலாம். சட்டம் பலமானதுதான். ஆனால் தூரத்து ஊரில், ஜவுளிக் கடையில், இரண்டு புடவைகளைக் கையில் வைத்துக்கொண்டு திகைக்கும் பெண்மணியின் பக்கத்தில் சட்டம் வந்து நிற்பதில்லை. புடவையில் தொங்கும் சீட்டுத்தான் நிற்கிறது. மேலும் அந்தக் குறியீட்டைத் தம் சரக்கில் உபயோகிக்க விரும்பும் நெசவாளர் அங்கீகாரம் பெற்ற உபயோகிப்பாளராகத் தம் பெயரையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு செய்துகொண்டவர்கள் அதைச் சீட்டில் முதல் வரியாகப் போட வேண்டாமா? நாம் பார்த்த சில சீட்டுக்களில் கடையின் பெயர் பொன்னெழுத்தில் பளிச்சிடுகிறது. நெய்தவரைப்பற்றி ஒரு சொல்லைக் காணோம். கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தார் நெய்தவரின் பெயரையும் படத்தையும் புடவையோடு சேர்த்துத் தந்தது மெச்சத் தகுந்த காரியம். தனி வியாபாரிகளும் அதைப் பின்பற்றலாம். படத்துக்கும் பெயருக்கும் சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு.

சீட்டில் எழுதவேண்டிய சங்கதிகளைப் புடவையே சொல்லுகிறது. பருத்தி நூல், கைத்தறி, கட்டமும் கோடும் நூலிலேயே அமைந்தவை, ஆகவே அச்சிட்ட துணியைப்போல் உட்புறம் வெளிறாமல் இருபுறமும் ஒன்றாகவே தெரியும், மடித்துப் பார்த்துக்கொள்ளலாம். வாங்கிய புதிதில் சற்று விறைப்பாயிருக்கும், நாலைந்து சலவைக்குமேல் மெத்தென்று ஆகும். முதற் சலவையில் தனியாக நனைக்கவேண்டும். நெய்தவர் இன்னார், தறி இருக்கும் தெரு இது. இத்தனையும் எட்டு வரியில் அடங்கும். ‘நாட்டின் பெருமை’, ‘பண்பாட்டின் சின்னம்’ முதலியவற்றை மேடைப் பிரசங்கிகளுக்கு விட்டுவிடலாம். அவர்களுக்கும் பிழைப்பு நடக்க வேண்டும்.

விலையைப் பற்றிய வரி ஒன்று பாக்கியிருக்கிறது. ‘குறைந்த விலை’ என்று கைத்தொழில்காரர் எழுதுவதை நாம் ஒருபோதும் ஒப்ப மாட்டோம். இயந்திரத்தோடு விலையில் மல்லுக்கு நிற்பது எப்படி முடியும் என்பதைத் தூத்துக்குடி நமக்குக் காட்டியிருக்கிறது. 1906-இல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இருபத்தைந்து ரூபாய் என்று வைத்ததே ஒரு நல்ல விளம்பரம் என்போம்; நடுத்தரக் குடும்பத்தானும் கப்பலுக்குச் சொந்தக்காரனாகலாம் என்பதை அந்த ஓர் எண் சொல்லிவிட்டது. எதிரிடையான வெள்ளைக்காரக் கம்பெனியார் கொழும்புப் பிரயாணக் கட்டணத்தை இறக்கினார்கள், மேலும் இறக்கினார்கள், கடைசியில் இனாமாக ஏற்றிச் சென்று குடையும் கொடுத்தார்கள் என்று அக்காலத்துச் சரித்திரம் கூறுகிறது. ஆழமான பை உள்ளவனுக்குத்தான் அந்த விளையாட்டு. 1908-இல் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். சர்க்காரின் அடக்குமுறையும் சேர்ந்துகொள்ள, 1911-இல் கம்பெனி கலைந்தது. அந்தக் காலமெல்லாம் சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள் குடைக்கு ஆசைப்படாமல் ஏறியவர்கள். ‘இது யாருடைய கப்பல்?’ என்ற கேள்விக்கு அவர்களுக்கு விடை தெரிந்திருந்தது.

கைத்தறிப் புடவை வாங்குகிறவரும் அதைத்தான் அறிந்துகொள்ள விரும்புகிறார். விசைத்தறிச் சேலையைவிட இது ஏன் இவ்வளவு அதிக விலை என்று அவர் மனத்தில் கேள்வி எழுந்தே தீரும். அதை மறைக்காமல், நூலுக்கு இவ்வளவு, சாயத்துக்கு இவ்வளவு, நெசவுக் கூலி இவ்வளவு, கடைச் செலவும் லாபமும் இவ்வளவு என்று சீட்டில் அச்சிட்டுவிட்டால் என்ன? வியாபார இரகசியம் போய்விடும் என்பார்கள். கூலி மிகவும் குறைவாயிருப்பதுதான் இரகசியமென்றால், அது வெளிப்படுவதே நல்லது. நெசவாளரின் பிள்ளைகள் தறியைவிட்டு வேறு வேலைக்குப் போவதற்குக் காரணம் தேடி அலைகிறவர்களுக்கு அந்த ஒரு வரியிலேயே காரணம் கிடைத்துவிடும். கூலியைத் துணிந்து அச்சிடக்கூடிய கடைக்காரருக்கோ அதைவிடச் சிறந்த விளம்பரம் வேறில்லை. போலிக்காரன் எழுத முடியாத வரிகளில் அது தலையாயது.

பாஷையைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எழுதியதை வீட்டிலுள்ள ஆச்சியிடம் உரக்கப் படித்துக் காட்டினால் போதும். அவர் ‘யாருக்கு அப்பச்சி இதெல்லாம்?’ என்று கேட்கும் இடங்களை அடித்துவிட வேண்டும். ஆச்சரியக் குறிகளை எண்ணிப் பார்த்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அச்சுக்கூடத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். ‘முதன்மையானது’, ‘நிவாரணம் நிச்சயம்’, ‘நூற்றுக்கு நூறு’ என்பவற்றுக்கு ருசு கையில் இல்லாவிட்டால் தொடவே கூடாது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மயக்கும் விளம்பரத்துக்கு முதல் தடவையிலேயே 10 லட்சம் ரூபாய் வரையில் அபராதம் விதிக்கலாம். சிறு கடை என்பதற்காக அச்சட்டம் ஒதுங்கிப் போவதில்லை.

வீட்டிலிருந்தே பலகாரம் செய்து அனுப்பும் பெண்மணிகளுக்கு இந்த யோசனைகள் மிகவும் பயன்படும் என்று நினைக்கிறோம். அவர்கள் பொட்டலத்தில் எடை, செய்த தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண், சைவத்துக்குரிய பச்சைப் புள்ளி ஆகியவை சட்டப்படி இருந்தாக வேண்டும். அவற்றை மூலையில் எறும்பெழுத்தில் ஒளித்துவைப்பது வழக்கமாயிருக்கிறது. நம்மைக் கேட்டால், செய்த தேதியை நடுவில் பெரிதாகப் போடச் சொல்லுவோம். பலகாரத்துக்கு அதைவிட நல்ல சிபாரிசு ஏது? மற்றதை இவ்வளவில் முடித்துவிடலாம்:

‘தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை. கடலை எண்ணெயில் சுடுகிறோம்; இன்று காய்ந்த எண்ணெயை நாளைச் சட்டியில் ஊற்றுவதில்லை. செவ்வாயும் வெள்ளியும் சுடும் நாள். மறுநாள் காலையில் பார்சல் புறப்படும். டப்பாவைத் திறந்தபின் இறுக மூடி வைத்தால் இரண்டு வாரம் நமுக்காது. அதற்குமேல் உத்தரவாதம் சொல்ல மாட்டோம். அதிரசம் உள்ளூருக்கு மட்டும். வெளியூர் போவதற்குள் நசுங்கிவிடுகிறது. சுடும் நாட்களில் மாலை நாலு மணி முதல் ஏழு மணி வரையில் அடுப்படியில் இருப்போம், போன் எடுக்க முடியாது. எண்ணைக் குறித்துவைத்து நாங்களே கூப்பிடுகிறோம்.’

இதில் ‘சுவை’ என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை. படித்தவர்களுக்கு அதனால் குறை ஒன்றும் தோன்றாதென்றே நம்புகிறோம். இந்தக் காகிதத்தை வீதியில் போவோர் வருவோரிடம் விநியோகிப்பதில் பயன் குறைவு. பார்சலுக்குள்ளேயே வைத்து அனுப்ப வேண்டும். பலகாரத்தைத் தின்று பார்த்தவர் பக்கத்து வீட்டாருக்கும் கொஞ்சம் கொடுப்பார். கூடவே காகிதத்தையும் கொடுப்பதற்குச் சௌகரியமாக, இரண்டு பிரதிகள் வைத்துவிடலாம்.